நூற்றுப் பதினெட்டாவது தாள்

சினிமாவுக்குத் தாமதமாகப் போகிறவர்களைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "இப்ப பேர்தானே ஓடிட்டிருக்கும், மெதுவாப் போலாம்" என்று தியேட்டர் வாசலில் சோளப்பொரி வாங்க நிற்கிற கூட்டம் இருக்கிறதே, அந்தக் கூட்டத்தை வரிசையில் நிறுத்தி ஆளுக்கு ஒரு குட்டு வைக்க வேண்டும் என்பாள். காரணம் இருக்கிறது. அந்தப் பேர் ஓடுகிற இரண்டு நிமிடம்தான் அவளுடைய பிழைப்பு. படத்தின் தலைப்பும், நடித்தவர் உழைத்தவர் பெயர்களும் வருகிற நேரத்தில், அவற்றுக்குப் பின்னால் அசைகிற ஓவியங்களைக் கையால் வரைந்து கொடுப்பவள் அவள். இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. அதனால் சினிமாக்காரர்கள் வைத்த பெயர் 'ரெண்டு நிமிஷம்'. எதிரில் மேடம், முதுகுக்குப் பின்னால் ரெண்டு நிமிஷம். அவளுக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டாள்.

"என்ன கதைன்னு சொல்றது அவங்க வேலை. அதை சாய்ஞ்சு உக்காந்து பாக்குறதா, சீட்டு நுனிக்கு வந்து பாக்குறதான்னு சொல்றது என் வேலை" என்பாள். வெறும் வாய்ப்பேச்சு இல்லை, செய்தும் காட்டியிருக்கிறாள். ஒரு சிரிப்புப் படத்துக்கு, தலைப்பில் இருந்த கடைசி எழுத்து மட்டும் பஸ்ஸைத் தவறவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிற மாதிரி வரைந்தாள். நகைச்சுவை நடிகர் திரைக்கு வருமுன்பே ஜனம் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. இன்னொரு படம், பிரிந்துபோகிற புருஷன் பெண்டாட்டி கதை. ஒரு மேஜை, இரண்டு டீ கப். ஒவ்வொரு பெயர் வந்து போகும்போதும் கப்புகளுக்கு நடுவே ஒரு விரற்கடை இடைவெளி கூடும். அவ்வளவுதான். இரண்டாவது நிமிடத்தில் பெண்கள் வரிசையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "டீ கப்பைப் பாத்து என்னய்யா அழுறாங்க?" என்று தயாரிப்பாளர் தலையைச் சொறிந்தார்.

வேலை நடக்கிற விதத்தை ஒருமுறை சொல்லிவிட்டால் பின்னால் வருவது விளங்கும். திரையில் ஒரு வினாடிக்கு இருபத்து நான்கு ஃப்ரேம், அதாவது இருபத்து நான்கு தனித்தனிப் படம், ஓடும். இருபத்து நான்கும் வரைந்தால் கை கழன்றுவிடும் என்பதால், ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்துவார்கள். ஆகவே அவள் அடுக்கி வைத்திருக்கும் தாள்களின் மூலையில் ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை ஃப்ரேம் எண்கள்தான் இருக்கும். இரட்டைப்படை எண்ணுக்குத் தாள் கிடையாது. முந்தைய படமே அங்கே இன்னொரு தரம் நிற்கும். அந்த இடத்துக்கு அவள் வைத்த பெயர் 'காலி வீடு'.

இனி அவளுடைய தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தம்பி லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். கை எப்போதும் கிரீஸாக இருக்கும். கழுவிக் கழுவி, தண்ணீரை உதறி உதறி, கடைசியில் நடக்கும்போதுகூட வலது கையை இரண்டு எட்டுக்கு ஒருமுறை உதறுகிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. வலது குதிகால் தரையைக் கொஞ்சம் இழுக்கும். இடது தோள் ஒரு பிடி இறங்கியிருக்கும். வீட்டில் யாருக்கும் அது கோணலாகத் தெரிந்ததில்லை, அவன் நடை அப்படி.

ஒருநாள் அவள் வீட்டில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க ஸ்டுடியோவுக்கு வந்தான். அவளுக்கு அப்போது ஒரு விளம்பரத்துக்காக, முதுகைக் காட்டி நடந்து போகிற ஆள் தேவைப்பட்டது. நடையைப் பிலிமில் எடுத்து, ஒவ்வொரு ஃப்ரேமாக அதன்மேல் தாளை வைத்து வரைந்தால் அசைவு அச்சாக வரும். "டேய், அந்த ஜன்னல் வரைக்கும் நடந்து போடா" என்றாள். இரண்டாவது மாடித் தாழ்வாரத்தில் அவன் நடந்தான். கேமராவில் பிலிம் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. பதினான்கு வினாடி. ஜன்னலை எட்டியதும், வீணாக்க வேண்டாமென்று பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டு, இன்னும் எத்தனை அடி இருக்கிறது என்று மீட்டரைப் பார்க்கக் குனிந்தாள். அப்போதுதான் அவன் திரும்பினான்.

"போதுமாக்கா?" என்றான்.

அவள் மீட்டரைப் படித்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்லவில்லை. அவன் ஒரு கணம் நின்றுவிட்டு, "சரி, வரேன்" என்று படி இறங்கிப் போனான். நான்கு நாள் கழித்து வெளியூரில் ஒரு வேலை என்று பஸ் ஏறினான். வழியில் பஸ் நின்ற இடத்தில் தண்ணீர் குடிக்க இறங்கினான் என்று கண்டக்டர் சொன்னார். ஏறினானா என்று கேட்டால் கவனிக்கவில்லை என்றார். அதற்கப்புறம் அவனைப் பார்த்தவர் யாருமில்லை. பத்தொன்பது வருடமாகிறது. போலீஸ் ஸ்டேஷனில் அந்தக் காகிதக்கட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று அங்கிருப்பவர்களுக்கே இப்போது தெரியாது.

அவளும் அம்மாவும்தான் மிச்சம். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. அந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு ஒரு வியாதி: யாரும் அழுத்தாமலே மூன்றாவது மாடிக்கு வந்து நிற்கும், கதவு திறக்கும், உள்ளே ஒருவரும் இருக்க மாட்டார்கள், மூடிக்கொண்டு போய்விடும். எத்தனையோ ஆட்கள் வந்து பார்த்தும் சரியாகவில்லை. "ரிப்பேர்க்காரன் வந்துட்டானான்னு அதுவும் வந்து பாத்துட்டுப் போகுது" என்று அம்மா வேடிக்கையாகச் சொல்வாள். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தக் கதவு திறக்கிற சத்தத்துக்குக் கையில் இருப்பதை வைத்துவிட்டு நிமிர்வாள். பகலில் வாசல் கதவைத் தாழ் போட விட்டதே இல்லை.

அவன் போய் இரண்டு வருடம் கழித்து ஒரு பேய்ப் படம் வந்தது. அவசர வேலை. எதையாவது அசைய வைத்தாக வேண்டும். டப்பாவில் கிடந்த அந்தப் பதினான்கு வினாடியை எடுத்தாள். அதன்மேல் தாளை வைத்து, கறுப்பு மையில் வெறும் நிழலாக வரைந்தாள். தாள்களை விரலிடுக்கில் வைத்துச் சரசரவென்று புரட்டிப் பார்த்தபோது அவன் நடந்தான். குதிகாலை இழுத்து, கையை உதறி, தோளை இறக்கி, அவன் நடந்தேவிட்டான். தாள்கள் புரண்ட காற்று முகத்தில் பட்டது. அவள் மேஜையில் தலையை வைத்து, நெஞ்சு வலிக்கிற அளவுக்கு அழுதாள்.

தியேட்டரில் ஜனம் மிரண்டது. நிழல் ஒன்றுமே செய்யவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு தாழ்வாரத்தில் போகிறது, அவ்வளவுதான். ஆனாலும் அந்தக் கை உதறலில் ஏதோ இருந்தது. அது யாரோ ஒருவருடைய நிஜமான நடை என்பது பார்த்தவர்களின் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. பிறகென்ன, பேய்ப் படம் எடுக்கிறவர்கள் எல்லாம் "அந்த நிழல் வேணும் மேடம்" என்று வர ஆரம்பித்தார்கள். ஏழு படம். காட்டில் நடந்தான், பாழடைந்த ஆஸ்பத்திரியில் நடந்தான், ரயில் பாதையில் நடந்தான். ஏழிலும் அவன் முதுகுதான்.

கூடப் பிறந்தவனைப் பேயாக்கிச் சோறு தின்கிறோமே என்று அவள் தன்னையே திட்டிக்கொள்ளாத நாள் இல்லை. விடவும் முடியவில்லை. வரையும்போது மட்டும்தான் அவன் நகர்ந்தான். அதற்கும் ஒரு தண்டனை இருந்தது. வரைந்து வரைந்து, அவன் எப்படி மாடி ஏறுவான், எப்படித் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போவான் என்று நினைத்துப் பார்த்தால், வருவது அந்தக் கறுப்பு மைக் கோடு மட்டும்தான். தாளில் இருந்தவன் வந்து, நினைவில் இருந்தவனைத் துரத்திவிட்டான். வீட்டில் அவன் போட்டோ இருந்தது. அடையாள அட்டைக்கு எடுத்த, கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கிற போட்டோ. அது யாரோ மாதிரி இருக்கும். 'முகம் மட்டுமாவது தப்பிச்சிருக்கு, அதை வரையவே கூடாது' என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள்.

எட்டாவது படத்துக்கு வந்த டைரக்டர் மெதுவாகப் பேசுகிற மனிதர். ஏழு படத்தையும் பார்த்திருந்தார்.

"இதுவரைக்கும் அது போயிட்டே இருக்கு மேடம். என் படத்துல அது திரும்பணும்" என்றார்.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "திரும்பி?"

"திரும்பினா முகம் இருக்கக்கூடாது. வழவழன்னு வெள்ளையா, ஒண்ணுமே இல்லாம."

அவள் சரி என்றாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கு நிம்மதியாகவே இருந்தது. முகம் இல்லையென்றால் முகத்தை வரைய வேண்டியதில்லை. சட்டம் காப்பாற்றப்பட்டது. ஆனால் திரும்புகிற அசைவு வேண்டுமே. அதுதான் அவள் எடுக்காமல் விட்டது. கண்ணாடி முன் நின்று தானே திரும்பிப் பார்த்தாள், ஒட்டவில்லை. ஆள் வைத்துப் பார்த்தாள், அந்த ஆள் பட்டாளத்துக்காரர் மாதிரித் திரும்பினார். அந்த நடைக்கு இப்படியொரு திரும்பல் இருக்கவே முடியாது என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. எப்படி இருக்கும் என்பது தெரியவில்லை. பத்து நாள் போயிற்று.

ஒரு மத்தியானம் அம்மா குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு மாடித் தாழ்வாரத்தில் போனாள். இவள் தற்செயலாக வாசலில் நின்றிருந்தாள். அம்மாவின் வலது குதிகால் தரையை இழுத்தது. இடது தோள் ஒரு பிடி இறங்கியிருந்தது. கூடையைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வலது கையை உதறினாள். நாற்பத்தாறு வருடமாக அம்மாவை எதிரிலேயே பார்த்துப் பழகியவளுக்கு அன்றைக்குத்தான் அம்மாவின் முதுகு கண்ணில் பட்டது. கிரீஸால் வந்த பழக்கம் என்று நினைத்திருந்தாளே, அது பிறவியிலேயே வந்தது.

அடுத்த நாள் அதே தாழ்வாரத்தில் போன் கேமராவை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அந்த ஜன்னல் வரைக்கும் கொஞ்சம் நடந்து போயேன்" என்றாள்.

"எதுக்குடி?"

"ஒரு வேலைக்கு."

அம்மா நடந்தாள். ஜன்னலை எட்டினாள். இந்தத் தடவை இவள் படம் பிடிப்பதை நிறுத்தவில்லை. அம்மா திரும்பினாள். முதலில் இடது தோள், அப்புறம் முகவாய், கடைசியில்தான் கண்.

"போதுமா?" என்றாள் அம்மா.

அன்றைக்கு ஸ்டுடியோ தாழ்வாரத்தில் தம்பி இதையே கேட்டதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடமும் சொன்னதில்லை. கேட்டும் பதில் சொல்லாமல் இருந்தவள் எந்த வாயால் அதைச் சொல்வாள்? "போதும்மா" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பல் கிடைத்துவிட்டது. கடைசி ஷாட்டில் நிழல் நடக்கிறது, தொண்ணூற்றேழாவது தாளில் தோள் அசைகிறது, நூற்றுப் பதினேழில் பாதிக் கன்னம், நூற்றுப் பத்தொன்பதில் முழுதாகத் திரும்பிவிடுகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தாள். எடிட்டிங் அறையில் போட்டுப் பார்த்தபோது எடிட்டர் இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டார். டைரக்டர் கைகூப்பினார்.

படம் வெளிவர ஒரு வாரம் இருக்கும்போது, திரையில் கறுப்பு எவ்வளவு கறுப்பாக விழுகிறது என்று பார்க்கத் தன் வீட்டுக்குப் பக்கத்துத் தியேட்டருக்குப் போனாள். எல்லாப் படத்துக்கும் செய்கிற காரியம்தான். வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் பழக்கமானவர், பேச்சுக்கு ஆள் கிடைத்தால் விடமாட்டார்.

"மேடம், உங்களுக்கு ஒரு ரசிகை இருக்காங்க தெரியுமா? நிழல் வர்ற படம்னா முதல் நாளே வந்துருவாங்க. மூணாவது வரிசை ஓரம். பேர் ஓடி முடிஞ்சதும் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவாங்க. படம் பாக்க மாட்டாங்க. மறுநாள் திரும்ப வருவாங்க. படம் தூக்குற வரைக்கும் இதே கதை. நாங்க பாதி நாள் டிக்கெட்டே கேக்குறதில்ல."

"யாரு அது?"

"வயசான அம்மா. கையில மருந்துக் கடைப் பை ஒண்ணு, பச்சைக் கலர்ல, எப்பவும் இருக்கும். பையை எடுத்துப் பக்கத்து சீட்டுல வச்சுக்குவாங்க. யாரையும் உக்கார விடமாட்டாங்க."

மாத்திரை வாங்கி வருகிறேன் என்று அந்தப் பச்சைப் பையோடு அம்மா கிளம்புவது அவளுக்குத் தெரியும். ஒரு மாத்திரை வாங்க ஏன் இவ்வளவு நேரம் என்று ஒருநாளும் அவள் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"அது அவன்தான்னு உனக்கு எப்பத் தெரியும்?"

அம்மா நிமிரவில்லை. "முதல் படத்துலயே. பெத்தவளுக்கு முதுகு தெரியாதா?"

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

வெங்காயத் தோல் காற்றில் உருண்டு மேஜைக்கடியில் போயிற்று. அம்மாவே பேசினாள்.

"எல்லாப் படத்துலயும் போயிட்டே இருக்கான்டி. ஒண்ணுலயாவது திரும்புவானான்னு பாக்கத்தான் போறேன். நேத்து திரும்பலன்னா இன்னிக்குத் திரும்புவானோன்னு தோணும். பைத்தியக்காரத்தனம்தான். தெரிஞ்சுதான் போறேன்."

"இந்தப் படத்துக்கு மட்டும் போகாதம்மா" என்று வாயை விட்டுவிட்டாள்.

அம்மாவின் கை நின்றது. "ஏன், இதுல திரும்புறானா?"

பொய் சொல்லியிருக்கலாம். உலகத்தில் எத்தனை பேர் எத்தனை பொய் சொல்கிறார்கள், இவளுக்கு அந்த நேரம் பார்த்து ஒன்றுகூட வரவில்லை.

"திரும்புறான்" என்றாள்.

அம்மா மிச்ச வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டுப் போய் முகம் கழுவினாள். அன்று சாயங்காலம் தன்னிடம் இருந்த நல்ல உடுப்பை எடுத்து இஸ்திரி போட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய், ஆபரேஷனுக்கு அப்புறம் வாங்கிய கண்ணாடி லூசாக இருக்கிறதென்று முடுக்கி வாங்கி வந்தாள். தலையைக் கோதிப் பார்த்து, "இவ்வளவு நரைச்சாச்சு, அடையாளம் தெரியுமோ என்னவோ" என்று நிலைக்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். யாருக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்று கேட்க இவளுக்குத் தைரியம் வரவில்லை.

பத்தொன்பது வருடம் காத்திருந்தவள் வெள்ளிக்கிழமை காலைக் காட்சியில் மூன்றாவது வரிசையில் போய் உட்காரப் போகிறாள். மகன் திரும்பப் போகிறான். அவனுக்கு முகம் இருக்காது.

டைரக்டரிடம் ஓடினாள். முகம் வரைந்து தருகிறேன் என்றாள். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டம்.

"முகம் இருந்தா அது ஆளு மேடம். முகம் இல்லன்னாத்தான் பேய். முதல் ரெண்டு நிமிஷத்துலயே பரிதாபப்பட வச்சுட்டா, மிச்சம் ரெண்டு மணி நேரம் நான் எதை வச்சுப் பயமுறுத்துறது? உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. அவர் சொன்னது அவளுடைய பாடம்தான், வரிக்கு வரி.

வீட்டுக்குத் திரும்பி வந்து மேஜை முன் உட்கார்ந்தாள். அடியில் விளக்கு எரிகிற லைட் டேபிளின் வெள்ளை வெளிச்சத்தில் நூற்றுப் பதினேழும் நூற்றுப் பத்தொன்பதும் கிடந்தன. நடுவில் காலி வீடு. இருபத்து நான்கில் ஒரு பங்கு வினாடி. அங்கே ஒருவன் வந்து நின்றுவிட்டுப் போனால் டைரக்டருக்குத் தெரியாது, எடிட்டருக்குத் தெரியாது, கண்ணைச் சிமிட்டினால் யாருக்குமே தெரியாது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு தாளின் மூலையில் 118 என்று எழுதினாள். சட்டத்தையும் உடைத்தாள்.

அம்மா திரும்பிய அந்த ஒரு ஃப்ரேமை அச்செடுத்து அடியில் வைத்து, அதன்மேல் தாளை வைத்தாள். முகவாயும் கன்னமும் அம்மாவுடையதே போதுமாக இருந்தன. புருவம் அவனுடையது, கொஞ்சம் அடர்த்தியாக. மூக்கில் வரும்போது பென்சில் தயங்கியது. அந்த அடையாள அட்டைப் போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அதைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வரைந்தாள். அம்மாவின் ஃப்ரேமில் வாய் குவிந்திருந்தது, பேச ஆரம்பிக்கிற வாய். திறந்த வாயை ஒரு ஃப்ரேமுக்குக் காட்டினால் அலறுகிற மாதிரி இருக்கும் என்று தொழில் சொன்னது. அதனால் உதடுகளை மூடிவிட்டாள். வரைந்து முடித்தபோது தாளிலிருந்து அவளைப் பார்த்தது தம்பியா, அம்மாவா, தானேயா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. தாழ்வாரத்தில் லிஃப்ட் வந்து நின்று, கதவு திறந்து, மூடிக்கொண்டு போனது. சின்னத் திருத்தம் என்று சொல்லி எடிட்டிங் அறையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை அம்மாவும் மகளும் சேர்ந்தே போனார்கள். டிக்கெட் கிழிக்கிறவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன புரிந்ததோ, வழக்கமாக அளக்கிறவர் அன்றைக்கு டிக்கெட்டைக்கூடக் கிழிக்காமல் உள்ளே விட்டார். அம்மா மூன்றாவது வரிசையில் தன் இடத்தில் உட்கார்ந்து, பச்சைப் பையை வலது பக்கத்து நாற்காலியில் வைத்தாள். இவள் இடது பக்கம் உட்கார்ந்தாள்.

விளக்கு அணைந்தது. தாழ்வாரம் வந்தது. முதல் பெயர், இரண்டாவது பெயர். அவன் நடந்தான். சோளப்பொரிக் கூட்டம் குனிந்து குனிந்து வந்து இடம் தேடியது. ஒருவர் அம்மாவின் முன்னால் வந்து நின்று நகர்ந்தபோது இவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அப்போதுதான் அந்தப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு ஃப்ரேம். அம்மா கண்ணைச் சிமிட்டிவிட்டால்? சிமிட்டிவிட்டுத் திறந்தால் அந்த வெள்ளைப் பள்ளத்தைத்தானே பார்ப்பாள்? இசை இறங்கியது. கடைசி ஷாட். அவளால் திரையைப் பார்க்க முடியவில்லை. திரும்பி அம்மாவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் மூக்குக்கண்ணாடியில் சின்னதாக ஒரு நிழல் கையை உதறிக்கொண்டு போனது. தோளை அசைத்தது. சிமிட்டாதே அம்மா, சிமிட்டாதே, சிமிட்டாதே.

பின்னாலிருந்து யாரோ வீலென்று கத்தினார்கள். தியேட்டர் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. முடிந்துவிட்டது. அவன் திரும்பினான், இவள் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவையும்.

அம்மா சிமிட்டவில்லை. முகத்தில் பயமும் இல்லை. தெருவில் எதிர்ப்பட்ட தெரிந்த ஆளைப் பார்க்கிறவள் மாதிரி இருந்தாள்.

"பாத்தியாம்மா?" என்று இவள் கேட்டாள்.

"ம்." அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முழங்கையால் இவளை இடித்தாள். "உன்னைத்தான்டி கேக்குறான். பதில் சொல்லேன்."

"என்ன... என்ன கேட்டான்?"

"போதுமாக்கான்னு கேக்குறான்ல?"

அந்த உதடுகளை மூடியது அவள். தன் பென்சிலால், தன் கையால் மூடினாள். தாழ்வாரத்தில் அம்மா கேட்டது வெறும் 'போதுமா'. அதோடு அக்கா என்ற சொல்லைச் சேர்த்துக் கேட்டவன் ஒருவன்தான், காதில் வாங்கியவள் ஒருத்திதான், அவள் அதை யாருக்கும் சொன்னதில்லை.

"போதும்டா" என்றாள். சத்தமாகவே சொல்லிவிட்டாள். முன்வரிசைக்காரர் திரும்பி உஷ் என்றார். "போதும்டா, வா" என்று அவரையும் பொருட்படுத்தாமல் இன்னொரு தரம் சொன்னாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

படத்தின் முதல் காட்சி ஆரம்பித்தது. பேர் ஓடி முடிந்துவிட்டது, வழக்கப்படி அம்மா எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும். அம்மா எழுந்திருக்கவில்லை. வலது பக்கத்து நாற்காலியில் இருந்த பச்சைப் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, காலை ஒடுக்கி வழி விட்டாள்.